இரண்டு நீர்நாய்கள்

மிருகங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பெரும்பாலானவை உண்மையில் மனிதர்களைப் பற்றியவைதாம். பஞ்சதந்திரத்து நரிகளுக்கு மந்திரிகளின் புத்தி. காக்கைக்கும் ஆந்தைக்கும் நடக்கும் சண்டை இரண்டு ராஜ்யங்களின் சண்டை. இதில் தவறு ஒன்றும் இல்லை. நீதி சொல்ல வந்தவனுக்கு வால் ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

நீர்நாய்க்கும் பழைய இலக்கியத்தில் இதே கதிதான். ஜாதகக் கதை ஒன்றில் இரண்டு நீர்நாய்கள் சேர்ந்து ஒரு பெரிய மீனைப் பிடித்துவிட்டுப் பங்கு போட முடியாமல் தகராறு செய்கின்றன. வழியோடு வந்த நரி நியாயஸ்தனாக உட்கார்ந்து, ஒன்றுக்குத் தலையையும் மற்றொன்றுக்கு வாலையும் கொடுத்துவிட்டு நடுத்துண்டத்தைத் தன் மனைவிக்குக் கொண்டு போகிறது. வக்கீல் வீட்டு வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் புரிகிற கதை. இன்னொரு ஜாதகத்தில், முயலாகப் பிறந்த போதிசத்துவருக்குத் தோழனாக ஒரு நீர்நாய் வருகிறது. விருந்தாளிக்குத் தான் வைத்திருந்த மீன்களைத் தர முன்வருகிறது. முயலோ தன் உடம்பையே தருகிறது. இந்த இரண்டிலும் நீர்நாயின் இடத்தில் வேறு ஒரு பிராணியை வைத்தாலும் கதை கெடாது.

நம் சங்கப் புலவர்கள் கண்ணால் பார்த்து எழுதியவர்கள். குறுந்தொகையில் ஔவையாரின் பாட்டு ஒன்றில், பிரம்புப் புதர் மண்டிய நீர்நிலையில் நீர்நாய் அன்றைய இரைக்கு வாளை மீனைப் பிடிக்கிறது. அதைக் கரையில் நின்று பார்த்தவர்தான் எழுதியிருக்க முடியும். ஆனாலும் அங்கே பேசுகிறவள் ஒரு பரத்தை; பேச்சு அந்த ஊர்த் தலைவனைப் பற்றி. நீர்நாய் ஒரு கணம் தலையைத் தூக்கிவிட்டு மனிதக் கதைக்கு வழிவிட்டு முழுகிவிடுகிறது.

நீர்நாய் நீர்நாயாகவே ஒரு முழுப் புத்தகத்தில் வாழ்வதற்கு 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. அந்த வருஷம்தான் ஹென்ரி வில்லியம்ஸனின் 'டார்க்கா தி ஆட்டர்' வெளிவந்தது. மறு வருஷமே அதற்கு ஹாதார்ன்டன் பரிசு கிடைத்தது. அதற்கு முப்பத்து மூன்று வருஷங்கள் கழித்து, 1960-ல், காவின் மாக்ஸ்வெல்லின் 'ரிங் ஆஃப் பிரைட் வாட்டர்' வந்தது. ஆங்கிலத்தில் நீர்நாய் என்றால் நினைவுக்கு வருபவை இந்த இரண்டு நூல்கள்தாம். இவற்றை ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கமாக வைப்பது புத்தகக் கடைக்காரர்களின் வழக்கம். உண்மையில் இவை ஒன்றுக்கொன்று விரோதமான புத்தகங்கள் என்பது என் அபிப்பிராயம். நான் இருபது வயதில் மாக்ஸ்வெல்லை மிகவும் விரும்பினேன். வில்லியம்ஸனைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். இப்போது இரண்டையும் மறுபடி படித்தபோது என் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

மாக்ஸ்வெல்லை விரும்புவது சுலபம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் அவர் தெரிந்தவரே. அவருடைய நீர்நாய் மிஜ்பில் விமானத்தில் வந்த கதையைப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் படித்திருக்கிறார்கள். 1956-ல் அவர் வில்ஃப்ரட் தெஸிகருடன் தெற்கு இராக்கின் சதுப்பு நிலங்களில் பிரயாணம் செய்தார். நாணற் காடும் படகுமாக வாழும் அரேபியர்களிடமிருந்து அவருக்கு ஒரு நீர்நாய்க் குட்டி கிடைத்தது. பெட்டிக்குள் அடைபட்டு, அதைக் கிழித்து ரத்தம் வடிய வெளிவந்து, விமானத்தில் அமளிப்படுத்தி, லண்டன் வந்து சேர்ந்து, குளியலறைக் குழாயைத் தானே திறக்கக் கற்றுக்கொண்ட அந்தப் பிராணியை யாருக்குத்தான் பிடிக்காது? லண்டன் தெருவில் அதைச் சங்கிலியில் அழைத்துப் போகும்போது, பார்த்தவர்கள் இது என்ன ஜந்து என்று ஆளுக்கு ஒன்றாக ஊகிக்கிற பகுதி நல்ல ஹாஸ்யம். பிறகு ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில், ஸ்கை தீவுக்கு எதிரே, மின்சாரமில்லாத ஒரு தனி வீடு. ஓடை, அருவி, கடல். பட்டணத்து நெருக்கடியில் பஸ்ஸுக்கு நிற்கிற வாசகனுக்கு இதைவிட நல்ல சொப்பனம் கிடைக்காது. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றதில் ஆச்சரியமில்லை.

மிஜ்பில்லை உயிரியல் அறிஞர்கள் பரிசீலித்து, அது அதுவரை விவரிக்கப்படாத ஓர் உட்பிரிவு என்று கண்டு, அதற்கு மாக்ஸ்வெல்லின் பெயரையே வைத்தார்கள். அது எந்த இனத்தின் உட்பிரிவு என்பதில் நமக்கு ஒரு ஸ்வாரஸ்யம் இருக்கிறது. வழுவழுப்பான மேல்ரோமம் உள்ள, கூட்டமாக வாழ்கிற அந்த இனம்தான் நம் காவிரியிலும் மோயாற்றிலும் இருப்பது. இங்கிலாந்து உருகிப் படித்த மிஜ்பில், வில்லியம்ஸனின் டார்க்காவைக் காட்டிலும் நம் ஆற்று நீர்நாய்க்குத்தான் நெருங்கிய உறவு.

மிஜ்பில்லின் ஆயுசு அதிகம் இல்லை. 1957-ல், வீட்டை விட்டுச் சற்றுத் தூரம் போனபோது, சாலை வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் அதை அடித்துக் கொன்றுவிட்டார். மாக்ஸ்வெல் அதை எழுதியிருக்கிற இடம் மனத்தைத் தொடுகிறது. ஆனால் இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்று அந்தப் பிராணிக்கு இயற்கை கொடுத்திருந்த புத்தியை யார் பறித்தது? அன்புதான். இந்தக் கேள்விக்கு அருகில் மாக்ஸ்வெல் வருகிறார். உள்ளே நுழைய மறுத்துத் திரும்பிவிடுகிறார். உடனே அடுத்த நீர்நாயைத் தேடிப் போகிறார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து எடால், டெக்கோ என்று இரண்டு வருகின்றன. 1960-ம் வருஷத்துப் புத்தகம் அந்தப் புதிய சந்தோஷத்தில் முடிகிறது. வாழ்க்கை அங்கே முடியவில்லை. எடால் பெரிதானபின், உதவிக்கு இருந்த இளைஞர் ஒருவரின் விரல் நுனிகள் போயின. சுதந்திரமாகத் திரிந்த பிராணிகள் வேலிக்குள் அடைபட்டன. 1968 ஜனவரியில் வீடு தீப்பிடித்து எரிந்தபோது எடால் அதனுள் இறந்தது. மறு வருஷம் செப்டம்பரில் மாக்ஸ்வெல்லும் காலமானார். அவரைக் காதலித்த கவி காத்லீன் ரெய்ன், அந்த வீட்டருகே இருந்த ரோவன் மரத்தின்மேல் கை வைத்து, தான் படுகிற வேதனையை அவரும் இதே இடத்தில் படட்டும் என்று சபித்தாராம். தமக்கு நேர்ந்ததெல்லாம் அந்தச் சாபத்தால் என்று மாக்ஸ்வெல் பின்னால் எழுதினார். 1960-ல் எழுதிய புத்தகத்துக்கு அதன் தலைப்பே ரெய்னின் ஒரு கவிதையிலிருந்து வந்தது.

ஆசிரியரின் வாழ்க்கையைக் கொண்டு புத்தகத்தை அடிப்பது விமரிசனம் ஆகாது. நான் சொல்ல வருவது வேறு. 'ரிங் ஆஃப் பிரைட் வாட்டர்' ஓர் ஆசையின் கதை. அந்த ஆசையை அது பரிசோதிப்பதில்லை. இதே மனிதர் யுத்தத்துக்குப் பின் ஸோயே தீவில் பிரம்மாண்டமான சுறாக்களை ஈட்டி எறிந்து கொன்று எண்ணெய் எடுக்கும் தொழில் நடத்தி நஷ்டப்பட்டவர்; அதைப் பற்றியும் ஒரு நல்ல புத்தகம் எழுதியவர். ஈட்டி எறிந்த கைக்கும் குட்டியைத் தூக்கிய கைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் அது மகத்தான நூலாகியிருக்கும். அவர் கேட்கவில்லை. வாசகனும் கேட்க வேண்டியதில்லை என்று இனிமையான வசனத்தால் நம்மைத் தூங்க வைத்துவிடுகிறார்.

வில்லியம்ஸன் தூங்க விடுவதில்லை. சில சமயம் படிக்கவே விடுவதில்லை. வடக்கு டெவன் பிரதேசத்துக் கிராமச் சொற்கள் பக்கத்துக்குப் பத்து வருகின்றன. ஒவ்வொரு பாலமும் ஒவ்வொரு மடுவும் பெயரோடு வருகிறது. கதை என்று சொல்லப்போனால் ஒன்றும் இல்லை. டாரிட்ஜ், டா என்ற இரண்டு ஆறுகள்; அவற்றின் கரையில் ஒரு நீர்நாய் பிறக்கிறது, வளர்கிறது, துணை தேடுகிறது, பட்டினி கிடக்கிறது, வேட்டையாடப்படுகிறது, சாகிறது. இருபது வயதில் நான் மூடி வைத்ததற்கு எனக்கு நல்ல காரணம் இருந்தது. இந்தப் புத்தகத்தை 17 தடவை திருப்பித் திருப்பி எழுதியதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அந்தச் சிரமம் சில பக்கங்களில் நமக்கும் தெரிகிறது.

அவர் சாதித்தது என்ன? டார்க்காவுக்கு அவர் ஒரு மனத்தைக் கொடுக்கவில்லை. மூக்கையும் காதையும் மீசையையும் கொடுத்திருக்கிறார். நாவல் எழுதுகிறவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். பாத்திரம் என்று ஒன்றை வைத்தவுடன் அது நினைக்க ஆரம்பித்துவிடும். நினைக்காமல் அதை நூறு பக்கம் நடத்துவது எழுத்தாளனுக்குப் பெரிய உபவாசம். கடும் பனிக்காலத்து அத்தியாயத்தைப் பாருங்கள். ஆறு உறைகிறது, மீன் கிடைப்பதில்லை. டார்க்காவின் கால் பொறியில் மாட்டி விரல்கள் போகின்றன. துணையை இழக்கிறது. இந்த இடத்தில் நம்மில் யாராக இருந்தாலும் ஒரு பக்கம் புலம்பியிருப்போம். வில்லியம்ஸன் புலம்புவதில்லை. பனி உருகுகிறது, தண்ணீர் ஓடுகிறது, பசி எடுக்கிறது, நீர்நாய் போகிறது. துக்கம் முழுவதும் வாசகனிடம் தங்கிவிடுகிறது, பிராணியிடம் இல்லை. மனிதத் துக்கத்தை மிருகத்தின் தலையில் கட்டாமல், மிருகத்தின் வாழ்வை மனிதன் தாங்கும்படி செய்தது பெரிய கலை.

வேட்டையைப் பற்றி அவர் எழுதியிருப்பதும் அப்படியே. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நாய்க்கூட்டத்தோடு ஆற்றங்கரையில் நீர்நாய் வேட்டையாடுவது கோடைக்காலப் பொழுதுபோக்கு. வில்லியம்ஸனே வேட்டைக் கோஷ்டியுடன் போய்வந்தவர். அவர்களை ராக்ஷஸர்களாக்கவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் வரிசையாகக் காலோடு கால் சேர்த்து நின்று வழி மறிக்கிற அந்த ஆண்களும் பெண்களும் நல்ல மனிதர்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள். அதனால்தான் அந்தக் கடைசி நாள் வேட்டை அவ்வளவு பயங்கரமாக இருக்கிறது. டெட்லாக் என்ற பெரிய வேட்டை நாயும் டார்க்காவும் தண்ணீருக்கடியில் கட்டிப் புரள்கின்றன. நாயின் பிரேதம் மேலே வருகிறது. பிறகு நீர்க்குமிழிகள், பிறகு ஒன்றும் இல்லை. டெட்லாக்கைத் திரும்பத் திரும்பக் கொண்டு வந்து வில்லனாக்கியிருப்பதில் சற்று நாடகபாணி இருப்பது உண்மை. முடிவின் கௌரவம் அதை மன்னிக்கச் செய்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதல் உலக யுத்தத்தின் பதுங்கு குழிகளிலிருந்து திரும்பி வந்த இந்த மனிதர், 1935-ல் நூரம்பர்க் சென்று ஹிட்லரின் மாநாட்டைப் பார்த்து மயங்கினார். 1936-ல் தம் நூல் ஒன்றின் முன்னுரையில் அவரைப் புகழ்ந்தார். தம் நாட்டில் மாஸ்லியின் பாசிஸ்டுக் கட்சியை ஆதரித்தார். ஒரு நீர்நாயின் வேதனையை இவ்வளவு நுட்பமாக உணர்ந்தவனுக்கு மனிதர்களின் வேதனை எப்படித் தெரியாமல் போயிற்று? எனக்குத் திருப்தியான பதில் இல்லை. இயற்கையை நேசிப்பவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நாம் வைத்திருக்கிற நம்பிக்கை பொய் என்பது மட்டும் தெரிகிறது. 'டார்க்கா' அந்த மயக்கத்துக்கு எட்டு வருஷங்களுக்கு முன்பே எழுதி முடிந்தது. அதன் பக்கங்களில் அந்த விஷம் இல்லை. ஆகவே புத்தகத்தைப் புகழ்கிறேன். ஆசிரியருக்கு மாலை போட மறுக்கிறேன்.

விஷம் என்ற சொல் வந்துவிட்டது. இந்த இரண்டு புத்தகங்களையும் இன்று படிக்கும்போது, அவற்றை எழுதியவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் நமக்குத் தெரியும். 1955-க்குப் பிறகு இங்கிலாந்தில் ஆல்ட்ரின், டீல்ட்ரின் என்ற பூச்சி மருந்துகளை விதைத் தானியத்தில் கலக்கவும், செம்மறி ஆடுகளைக் குளிப்பாட்டவும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தண்ணீரில் கரைந்து போகிற சரக்கல்ல அது. கொழுப்பில் போய் உட்காருவது. வயலிலிருந்து வாய்க்காலுக்கு, புழுவிலிருந்து மீனுக்கு, கொழுத்த விலாங்கிலிருந்து அதைத் தின்னும் நீர்நாய்க்கு என்று ஏறிக்கொண்டே போகும். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு எல்லாருடைய பங்கும் சேரும். 1957, 1958 வாக்கிலிருந்து நீர்நாய்கள் மளமளவென்று குறைந்தன. இது எப்படித் தெரிந்தது? வேட்டைக் கோஷ்டிகள் ஒவ்வொரு நாளும் எத்தனை நீர்நாய்களைக் கண்டார்கள் என்று கணக்கெழுதி வைத்திருந்தார்கள். பிற்பாடு ஆராய்ந்தவர்கள் அந்தக் கணக்குகளிலிருந்துதான் சரிவின் காலத்தைக் கண்டுபிடித்தார்கள். டார்க்காவைத் துரத்தியவர்களின் நோட்டுப் புத்தகமே டார்க்காவின் வம்சம் அழிந்ததற்குச் சாட்சி. எந்த நாவலாசிரியனும் இதைக் கற்பனை செய்யத் துணிய மாட்டான்.

1960-ல் இங்கிலாந்து மக்கள் மிஜ்பில்லுக்காகக் கண்ணீர் விட்டபோது, அவர்கள் ஊர் ஆறுகளில் நீர்நாய்கள் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. மாக்ஸ்வெல்லைக் குறை சொல்வதற்கில்லை. அவர் இருந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையில் அவை அழியவில்லை. ஆனால் அவர் புத்தகத்திலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. மிஜ்பில்லுக்கு முன் அவருக்குச் சஹாலா என்ற ஒரு பெண் குட்டி கிடைத்தது. அது சில நாளில் இறந்துவிட்டது. அந்தச் சதுப்பு நிலத்தில் இறால் இரையில் ஒரு மருந்தை வைத்து மீனை மயக்கிப் பிடிப்பார்கள். மனிதன் தின்றால் ஒன்றும் ஆகாது. சின்னக் குட்டி அதைத் தின்றிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். பின்னால் ஒரு தேசத்து ஆறுகளில் நடக்கப் போவதன் சின்ன ஒத்திகை அது. மாக்ஸ்வெல் அதை ஒரு சொந்தத் துயரமாக எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். ரேச்சல் கார்ஸன் 'சைலண்ட் ஸ்ப்ரிங்' எழுதி 1962-ல் வெளியிட்ட பிறகுதான் இத்தகைய சாவுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் உலகத்துக்கு வந்தது.

பழைய கதைகளுக்கு இந்தக் கூட்டல் கணக்கு தெரிந்திருந்தது என்பதுதான் ஆச்சரியம். வடதேசத்து வோல்ஸுங் கதையில் ஓத்தர் என்பவன் பகலில் நீர்நாய் உருவெடுத்து அருவியில் மீன் பிடிப்பவன். லோகி என்ற தேவன் விளையாட்டாகக் கல்லெறிந்து அவனைக் கொன்று தோலை உரித்துக்கொள்கிறான். அன்றிரவு தேவர்கள் தங்கப்போன வீடு ஓத்தரின் தகப்பன் வீடு. தோலை அடையாளம் கண்ட தகப்பன் பரிகாரம் கேட்கிறான்: தோலின் உட்புறத்தைப் பொன்னால் நிரப்பி, வெளியே ஒரு ரோமமும் தெரியாதபடி பொன்னால் மூட வேண்டும். மூடுகிறார்கள். ஒரே ஒரு மீசை மயிர் மட்டும் தெரிகிறது. அதையும் மறைக்கச் சாபம் பிடித்த ஒரு மோதிரத்தைப் போடுகிறார்கள். அந்தச் சாபம் தலைமுறைகளை அழிக்கிறது. இதற்கு நேர் எதிராக, பீட் என்ற துறவி எட்டாம் நூற்றாண்டில் எழுதி வைத்த கத்பர்ட் முனிவரின் சரித்திரத்தில் ஒரு காட்சி உண்டு. முனிவர் இரவெல்லாம் கழுத்தளவு கடலில் நின்று பிரார்த்தித்துவிட்டுக் கரையேறுகிறார். இரண்டு நீர்நாய்கள் பின்னாலேயே வந்து அவர் பாதங்களை மூச்சுக்காற்றால் சூடாக்கி, ரோமத்தால் துடைத்து, ஆசி பெற்றுத் திரும்புகின்றன. ஒரு கதையில் கொலைக்கு விலை. மற்றதில் கேட்காமல் கிடைத்த தயை. மாக்ஸ்வெல் இரண்டாவது கதையை வாழ்ந்துவிட ஆசைப்பட்டார். முதல் கதைதான் அவருக்கு வாய்த்தது. வில்லியம்ஸன் எந்தக் கதைக்கும் ஆசைப்படாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வில்லியம்ஸன் 1977 ஆகஸ்டில் காலமானார். 'டார்க்கா' சினிமாவில் நீர்நாய் சாகும் காட்சியைப் படம் பிடித்த அதே நாள் அது என்று சொல்வார்கள். அடுத்த வருஷம், 1978-ல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பு வந்து வேட்டை நின்றது. அந்தச் சமயத்தில், 1977 முதல் 1979 வரை, இங்கிலாந்து முழுவதும் நடத்திய முதல் கணக்கெடுப்பில், பார்த்த இடங்களில் நூற்றுக்கு ஆறுகூட இல்லாத இடங்களில்தான் நீர்நாயின் தடயம் இருந்தது. விஷ மருந்துகள் படிப்படியாக நின்றன; ஆறுகள் சுத்தமாயின. 2009, 2010-ல் எடுத்த கணக்கில் அது நூற்றுக்கு ஐம்பத்தெட்டுக்கு மேல். 2011-ல் கென்ட் பிரதேசத்திலும் தென்பட்டதோடு, இங்கிலாந்தின் எல்லாக் கவுண்டிகளுக்கும் நீர்நாய் திரும்பிவிட்டது என்று அறிவித்தார்கள். இதைச் செய்தது இலக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டமும் ரசாயன அறிவும் பொறுமையும் செய்தன. ஆனால் எது போயிற்று என்று தெரிந்தவர்களுக்குத்தான் எது திரும்பி வர வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அந்த இரண்டு ஆறுகளின் பிரதேசத்தில் இன்று நடைபாதைக்கும் ரயில் மார்க்கத்துக்கும் டார்க்காவின் பெயர். கற்பனையில் பிறந்த ஒரு நீர்நாய், உண்மை நீர்நாய்கள் இல்லாமல் போன வருஷங்களில் அவற்றின் இடத்தைக் காலி செய்யாமல் பிடித்து வைத்திருந்தது.

நம் மொழியில் அப்படி ஒரு புத்தகம் இல்லை. காவிரிக் கரையில் பிறந்த எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். அந்த ஆற்றின் படித்துறையையும் அதில் குளித்த பெண்களையும் அழகாக எழுதியிருக்கிறார்கள். அதே தண்ணீரில் குடும்பத்தோடு மீன் பிடித்த பிராணியை ஒரு அத்தியாயம் முழுதும் யாரும் பின்தொடரவில்லை; நானும் செய்யவில்லை. பிரம்புப் புதரோரம் நின்று ஔவையார் பார்த்த அந்த ஒரு கணத்துக்கு மேல் நாம் போகவே இல்லை. ஆற்றில் என்ன கலக்கிறது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த ஆற்றில் யார் இருந்தார்கள் என்று எழுதுவது நாவலாசிரியனின் வேலை.

இரண்டு புத்தகங்களில் ஒன்றைத்தான் படிக்க அவகாசம் என்றால் 'டார்க்கா'வைப் படியுங்கள். முதல் முப்பது பக்கம் சிரமமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், நாமும் தண்ணீருக்குள் பார்க்கக் கண் பழக வேண்டாமா?